கத்தரிக்காய் ஒன்று போதும்!

டி.வி.யில் வருகிற ஜோக்கைவிட, அதைப் பார்க்கிறவர்கள் உதிர்க்கிற கமென்ட்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஜோக் எழுதினவருக்குச் சம்பளம் உண்டு. கமென்ட் அடிக்கிறவர் பாவம், ஓசியில் உழைக்கிறார். அவர் சொல்வதில் நிகழ்ச்சியைப் பற்றிக் கால் பங்கு இருக்கும். மீதி முக்கால் பங்கும் அவருடைய சுயசரிதை!

இந்தத் தியரிக்கு நான் ஆதாரம் சேகரித்த இடம் லண்டன், ஈஸ்ட் ஹாம். வருஷம் 1998.

'அப்போ நீ லண்டன்ல என்னப்பா பண்ணினே?' என்று கேட்பவர்களுக்கு: ஒய்-டூ-கே சார், ஒய்-டூ-கே! பழைய கம்ப்யூட்டர்களில் இடத்தை மிச்சம் பிடிக்க வருஷத்துக்குக் கடைசி ரெண்டு நம்பரை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள் இல்லையா? 2000 பிறந்தால் '00' என்று ஆகி, கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைத்துக்கொண்டு ரகளை பண்ணும் என்று உலகமே நடுங்கியது. அதைச் சரி பண்ண சென்னையிலிருந்து பிளேன் பிளேனாகப் பையன்களை ஏற்றி அனுப்பினார்கள். அப்படி ஏற்றப்பட்ட சரக்கில் அடியேனும் ஒன்று. அந்த வருஷக் கடைசியில் போய், 2000 பிப்ரவரி வரை இருந்தேன்.

தங்கினது ஒரு குஜராத்தி ஆன்ட்டியின் வீட்டு மாடியில். மூன்று ரூம். ஒன்றில் நான். இன்னொன்றில் என்னுடன் வந்த திருநெல்வேலி நண்பர். மூன்றாவதில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்து, பெட்ரோல் பங்க்கில் ராத்திரி டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. ஒன்றே ஒன்று, கீழே ஹாலில், ஆன்ட்டியின் அதிகாரத்தில். அந்த ஊரில் டி.வி. வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 100 பவுண்டு. அன்றைய கணக்கில் ஒரு பவுண்டு ஏறக்குறைய 70 ரூபாய். மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தேன். ஆன்ட்டி கூப்பிட்டால் தட்டாமல் போய் உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆன்ட்டி கூப்பிட்டது 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' பார்க்க.

* * *

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் பி.பி.சி. ரேடியோ நான்கில் ஆரம்பித்து, 1998 ஜனவரியில் பி.பி.சி. இரண்டாம் சேனலுக்கு வந்த அரை மணி நேர நகைச்சுவைத் தொடர். கதை கிடையாது. குட்டிக் குட்டி ஸீன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேரக்டர், வாராவாரம் திரும்ப வருவார். வந்ததும் என்ன சொல்லப்போகிறார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் சிரிப்போம். நம் வீட்டுப் பெரியப்பா வாயைத் திறக்கும்போது வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு.

நடித்தவர்கள் முக்கியமாக நாலு பேர்: சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நினா வாடியா. எல்லோரும் இந்திய வம்சாவளி. பாஸ்கர் அதற்கு முன் ஐ.பி.எம்.மில் மார்க்கெட்டிங் வேலை பார்த்தவர். (ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவி விடும் வாசகர்கள் மனம் தளர வேண்டாம், வழி இருக்கிறது!)

தலைப்பிலேயே ஒரு குத்தல் உண்டு. 1960-ல் 'தி மில்லியனரஸ்' என்ற படத்தில் பீட்டர் செல்லர்ஸ் இந்திய டாக்டராக நடித்தார். முகத்தில் பழுப்புச் சாயம், வாயில் ஒரு மாதிரி இங்கிலீஷ். அந்தப் படத்தை ஒட்டி அவரும் சோபியா லாரனும் பாடின பாட்டு ஒன்று அங்கே சக்கைப்போடு போட்டது. அந்தப் பாட்டின் முக்கிய வார்த்தைகள்தான் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. அதற்கப்புறம் அங்கே பள்ளிக்கூடம் போன இந்தியப் பையன் ஒவ்வொருவனின் காதிலும் அந்த இங்கிலீஷ் விழுந்திருக்கும், கேலியாக! இந்த நாலு பேரும் அதே பாட்டுக்குப் பாங்க்ரா மேளம் போட்டுத் தங்கள் நிகழ்ச்சிக்கே டைட்டில் மியூசிக் ஆக்கிக்கொண்டார்கள். உங்களை அடித்த பிரம்பை வாங்கி அதிலேயே புல்லாங்குழல் செய்கிற மாதிரி.

செல்லர்ஸ் மட்டும் இல்லை. 1974 முதல் 1981 வரை ஓடின 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' என்ற பட்டாளத்துத் தொடரில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளாக வந்தவர் மைக்கேல் பேட்ஸ். ஜான்சியில் பிறந்த வெள்ளைக்காரர்! அவருக்கும் சாயம். 1977-ல் ஆரம்பித்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' நமக்கே பழக்கம். இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சர்தார்ஜி, ஒரு பாகிஸ்தானி, ஸ்வெட்டர் பின்னும் ஓர் அம்மா. நடித்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் எழுதினது வெள்ளைக்காரர். அதை நம் ஊரிலும் விழுந்து விழுந்து சிரித்துத்தான் பார்த்தோம்.

1998-ல் என்ன புதுசு என்றால், பேனாவும் நம்மவர் கைக்கு வந்துவிட்டது. சரி, இனி கமென்ட்டுகள்.

* * *

முதல் கமென்ட் ஆன்ட்டியுடையது.

தொடரில் ஓர் அம்மா வருவார். ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, விலையைப் பார்த்ததும் ஒரே பதில்தான். 'இதுக்கா இவ்வளவு காசு? வீட்டிலேயே ஓசியில் பண்ணிடுவேன். ஒரு சின்னக் கத்தரிக்காய் இருந்தால் போதும்!'

ஆன்ட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே என் நாத்தனார்!" என்றார்.

இதே ஆன்ட்டிதான் அன்று சாயந்திரம் நான் 3 பவுண்டு கொடுத்து ஒரு சாண்ட்விச் வாங்கி வந்ததைப் பார்த்து, "மூணு பவுண்டா? ரொட்டி, ஒரு உருளைக்கிழங்கு... நாற்பது பென்ஸில் நான் பண்ணித் தருவேனே" என்று சொன்னவர். உருளைக்கிழங்குக்கும் கத்தரிக்காய்க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

பிறகு கவனித்ததில் தெரிந்தது, இது ஆன்ட்டியின் தனிச்சொத்து இல்லை. 'என் பையன்தான் பெரிசு' என்று போட்டி போடும் இரண்டு அம்மாக்கள் வருவார்கள். (அந்தப் போட்டி எங்கே போய் முடியும் என்பதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். போகட்டும்.) அதைப் பார்த்த ஒவ்வொரு அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவைத்தான் அடையாளம் கண்டார். கேரக்டரை வைத்துப் பண்ணுகிற காமெடியின் ரகசியமே இதுதான் போலிருக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கும்; ஆனால் அதில் எப்போதும் நாத்தனார்தான் தெரிவார். எழுதினவர்களும் தப்பித்தார்கள், குடும்பங்களும் தப்பித்தன.

* * *

இரண்டாவது கமென்ட், திருநெல்வேலி நண்பருடையது. கணக்கில் புலி. குறை கண்டுபிடிப்பதில் சிங்கம்.

"வே, அரை மணி நேரமாப் பாக்கேன். இதுல நம்மாளு ஒருத்தனாவது உண்டுமா? பூராவும் பஞ்சாபிக்காரன்லா! இட்லி உண்டுமா, சாம்பார் உண்டுமா? இதுக்கு இந்தியான்னு பேரு!"

வாஸ்தவம்தான். இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறினவர்களில் பஞ்சாபிகளும் குஜராத்திகளும் அதிகம். அதனால் பரோட்டா வாசனைதான் தூக்கல். ஆனால் நண்பர் வாயை அடைத்த ஒரு கேரக்டர் இருந்தார். 'எல்லாம் இந்தியா' அப்பா! பாஸ்கர்தான் அந்த வேஷம். மகன் எதைச் சொன்னாலும், 'இந்தியா!' என்று ஒரே போடு. ஷாம்பு? 'இந்தியா!' (அது உண்மை, இந்தியிலிருந்து போன வார்த்தைதான்.) அதோடு விட்டால் பரவாயில்லை. இங்கிலாந்து அரச குடும்பமா? 'இந்தியா! எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், குடும்பத் தொழிலைப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். இந்தியா இல்லாமல் என்ன?' ஆனால் சார்லஸ் மட்டும் ஆப்பிரிக்கா. காதைப் பார்க்கவில்லையா? ஆப்பிரிக்க யானைக்குத்தானே பெரிய காது!

நண்பர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

"எங்க சித்தப்பாவை எங்கவே பாத்தானுவ?" என்றார்.

அவருடைய சித்தப்பா ரிட்டயர்டு தாசில்தார். கட்டமரான் என்றால் 'நம்ம கட்டுமரம்!' செரூட் என்றால் 'நம்ம சுருட்டு!' மல்லிகாட்டானி சூப் என்றால் 'நம்ம மிளகுத்தண்ணி!' இது வரைக்கும் அகராதிக்காரர்களும் ஒத்துக்கொள்கிறார்கள். சித்தப்பா அங்கே நிற்க மாட்டார். லண்டனே நம்ம வார்த்தைதான் என்று ஆரம்பித்து, பஸ் வரும் வரை நிரூபிப்பார். ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை என்பதுதான் மீதிப் பாதியைச் சகித்துக்கொள்ளக் காரணம்.

ஆக, இட்லி இல்லாவிட்டாலும் சித்தப்பா இருந்தார். நண்பர் அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்து சோபாவில் இடம் பிடித்தார்.

* * *

மூன்றாவது கமென்ட்தான் சிரமமானது. யாழ்ப்பாணத்து அண்ணன் சிரிக்கவே இல்லை.

டூட்டிக்குக் கிளம்புமுன் பத்து நிமிஷம் கதவோரம் நின்று பார்ப்பார். ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் கேட்டுவிட்டேன், "ஏன் அண்ணே, பிடிக்கலையா?"

"நீர் சிரியும் தம்பி. உமக்குப் பிரச்சினை இல்லை, வேலை முடியத் திரும்பிப் போயிடுவீர். நான் இரவிலை தனிய நிக்கிறனான். குடிச்சுப்போட்டு வாறவன் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு தலையை ஆட்டி ஆட்டி எங்கடையாக்கள் மாதிரிக் கதைச்சுக் காட்டுறான். முந்தி வெள்ளைக்காரன் டி.வி.யிலை செய்ததைப் பாத்துத்தானே பழகினவன்? இப்ப எங்கடையாக்களே செய்து குடுக்கினம். அவனுக்கு இதென்ன, அதென்ன?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. நிகழ்ச்சியைப் பற்றி அப்புறம் எத்தனையோ விமர்சனங்கள் படித்தேன். புத்திசாலிகள் எழுதினது. இதைவிடக் கூர்மையாக ஒரு கேள்வியை யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஜோக் அடிப்பவன் கையில் ஜோக் இருக்கிற வரைக்கும்தான் அது அவனுடையது. அரை மணி முடிந்து டி.வி.யை அணைத்த பிறகு அது யார் வாயில் போய் எந்தக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

திருநெல்வேலி நண்பருக்கு இந்த விஷயத்தில் சொந்தக் கடுப்பு உண்டு. "கரெக்ட் அண்ணே! ஹிந்திப் படத்துல நம்மள என்ன பாடு படுத்துதான்! 'படோசன்'ல மெஹ்மூத் குடுமி வெச்சுக்கிட்டு மாஸ்டர் பிள்ளைன்னு வருவான். 'அக்னிபத்'ல மிதுன் கிருஷ்ணன் அய்யர்னு வந்து இளநீ விப்பான். மதராசின்னா அவ்வளவுதான்!" என்று 1968-லிருந்து 1990 வரை குற்றப் பத்திரிகை வாசித்தார்.

அண்ணன் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "ஓம். ஆனா, நான் மெட்ராசிலை கொஞ்சக் காலம் இருந்தனான். ஆட்டோக்காரனிலை இருந்து பாங்க் மனேஜர் வரைக்கும் எல்லாரும் என்ரை தமிழைக் கேட்டுட்டு, 'நீங்க மலையாளமா?' எண்டு கேட்டுச் சிரிச்சவை. அதுக்கு ஆரிட்டைப் போய் முறையிடுறது?" என்றார்.

ஹாலில் விளம்பர இடைவேளை மாதிரி ஒரு மௌனம். (பி.பி.சி.யில் விளம்பரமே கிடையாது என்பதை நினைவில் கொள்க.)

ஹிந்திக்காரன் நம்மைப் பண்ணினால் குற்றப் பத்திரிகை. நம் படத்தில் டீக்கடை நாயரும் வட்டிக்கடை சேட்டும் வந்தால் விசில்! தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லோருடைய நகைச்சுவை உணர்ச்சியும் இடம் மாறி உட்காருகிறது.

* * *

நான்காவது கமென்ட், ஆபீஸிலிருந்து.

அதற்கு முன் என் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வேங்கடசுப்பிரமணியன். தமிழில் பன்னிரண்டு எழுத்து. வருஷத்துக்கு ரெண்டு நம்பர் போதும் என்று சிக்கனம் பிடித்த அதே கம்ப்யூட்டர் பரம்பரை, ஐ.டி. கார்டில் பெயருக்கும் பத்து எழுத்துக்கு மேல் தராது என்று சொல்லிவிட்டது. 'வெங்கடசுப்' என்று பாதியில் நின்றேன். ஆபீஸ் வெள்ளைக்காரர்கள் அதையும் மடித்து 'வென்' ஆக்கினார்கள். இங்கிலீஷில் 'வென்' என்றால் 'எப்போது?' அல்லவா? காலையிலிருந்து சாயந்திரம் வரை நாலா பக்கமிருந்தும் 'எப்போது? எப்போது?' என்று கேட்டால் டெட்லைன் நெருங்கும் புரோகிராமருக்கு எப்படி இருக்கும்!

அந்த ஆபீஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி வழக்கம் ஒன்று உண்டு. அந்த ஆபீஸ் என்ன, அந்த நாடு முழுக்கவே உண்டு. முதலில் பப்பில் பீர். அப்புறம் 'இந்தியன்' போவது. அதாவது இந்திய ஓட்டலுக்கு. (அப்படிப் போர்டு போட்ட ஓட்டல்களில் பெரும்பாலானவற்றை நடத்தினவர்கள் பங்களாதேஷ், சில்ஹெட் பக்கத்து ஆட்கள். அது தனிக் கதை.) உள்ளே போனதும், 'இருப்பதிலேயே காரமானது எது? கொண்டு வா!' என்று சவால். சர்வரின் பெயரைக் கடித்துத் துப்புவது. தேவைக்கு மேல் ஆர்டர் பண்ணுவது. கூச்சல்.

'குட்னஸ் கிரேஷியஸ் மீ' இதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தது. பம்பாயில் ஒரு கும்பல். லஸ்ஸி குடித்து மப்பில் இருக்கிறார்கள்! 'இங்கிலீஷ்' சாப்பிட ஓட்டலுக்குப் போகிறார்கள். வெள்ளைக்கார சர்வர். ஜேம்ஸ் என்ற பெயரை 'ஜே-மெஸ்' என்று கொலை பண்ணுகிறார்கள். 'இருப்பதிலேயே சப்பென்று இருப்பது எது? அதைக் கொண்டு வா!' என்று வீரம் பேசுகிறார்கள். கூட 24 தட்டு சிப்ஸ். அந்த சர்வர் முகத்தில் ஒரு பொறுமைச் சிரிப்பு இருக்குமே, அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் வேறு கலரில்.

இந்த ஸீன் முதல் வருஷமே வந்து பிரபலமாகிவிட்டது. ஆன்ட்டி வீடியோ காஸெட்டில் பதிந்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். எங்கள் டீம் லீடரும் எங்கேயோ பார்த்திருக்கிறார். ஒரு திங்கட்கிழமை காபிக் கோப்பையோடு என் மேஜைக்கு வந்து நின்றார். நல்ல மனுஷர். தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"நாங்கள் அப்படித்தான் நடந்துகொள்கிறோமா?"

"உங்களுடன் ரெண்டு தடவைதான் வந்திருக்கிறேன். இதுவரை 24 தட்டு போகவில்லை" என்றேன்.

சிரித்தார். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "உன் முழுப் பெயர் என்ன?" என்றார்.

சொன்னேன். ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதச் சொல்லி வாங்கி, ரயில் பெட்டியைக் கழற்றுவது போலத் துண்டு துண்டாகப் பிரித்து, தன் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். மூன்று வாரம் ஆயிற்று. ஒருநாள் மீட்டிங்கில், பதினைந்து பேர் நடுவில், பெரிய அதிகாரியிடம் என்னைக் காட்டி முழுப் பெயரையும் ஒரு எழுத்து சிந்தாமல் சொன்னார். என் தாத்தா கேட்டிருந்தால் அவருக்குப் பூணூல் போட்டிருப்பார்.

அன்றைக்கு எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது உண்மை. (அப்புறம் சனிக்கிழமை வேலைக்கு வரச்சொல்ல வேண்டும் என்றால் மட்டும் முழுப் பெயரைப் பயன்படுத்த ஆரம்பித்தார். அது வேறு விஷயம்.)

சட்டம் போட்டோ, போர்டில் எழுதி ஒட்டியோ, பயிற்சி வகுப்பு நடத்தியோ அந்தக் கேள்வியை அவரிடமிருந்து வரவழைத்திருக்க முடியுமா? சந்தேகம்தான். சிரித்துக்கொண்டே போனவர் நடுவில், 'அட, சர்வர் நான்தான் இல்லை. அந்தக் கும்பல்தான் நான்' என்று உணர்ந்திருக்கிறார். ஆன்ட்டி நாத்தனாரைக் கண்ட கண்ணாடியில் இவர் தன்னையே கண்டார். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அப்படித் தெரியும். இருந்தாலும் அந்த ஒருவர் நம் டீம் லீடராக இருந்தால் வாழ்க்கை சௌகரியம்.

* * *

ஐந்தாவது கமென்ட் ஆன்ட்டியின் மகன். வயது 14. அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வருவதே அபூர்வம்.

தொடரில் இரண்டு வாலிபர்கள் தெருவில் அலட்டிக்கொண்டு திரிவார்கள். யாரிடமும் அவர்களுடைய பஞ்ச் டயலாக் ஒன்றே: 'என் சட்டியை முத்தமிடு!' சட்டி என்றால் குழம்புச் சட்டி இல்லை, ஜட்டி. அம்மா எதிரே அதைக் கேட்டு இவன் காது சிவந்துவிடும்.

ஆன்ட்டி இல்லாதபோது சொன்னான்: "முன்னாடி ஸ்கூல்ல என் டிபன் பாக்ஸைத் திறந்தா மூக்கைப் பிடிச்சிக்குவாங்க. இப்ப வெள்ளைக்காரப் பசங்க எங்கிட்ட வந்து, 'அந்த வார்த்தையைச் சரியா எப்படிச் சொல்றது'ன்னு கேக்கறாங்க. நான் சொல்லிக் குடுக்கறேன்."

'நான் சொல்லிக் குடுக்கறேன்' என்கிறபோது அவன் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. கிரிக்கெட்டில் டெண்டுல்கர் பண்ணாததை அந்த ஜட்டி பண்ணிவிட்டது!

இதில் ஒரு பின்குறிப்பு. 2019-ல் 'சட்டீஸ்' என்ற அந்த வார்த்தையை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி முறைப்படி சேர்த்துக்கொண்டது. அது பரவக் காரணம் இந்தத் தொடர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. 'எல்லாம் இந்தியா' அப்பாவுக்கு ஒரு வார்த்தை கூடுதல் வெற்றி.

மகனின் கமென்ட்டை அண்ணனிடம் சொன்னேன். யோசித்தார். "பொடியனுக்கு நல்லதெண்டா நல்லதுதான்" என்றார். "ஆனா அவன்ரை பள்ளிக்கூடத்திலை வெளிச்சம் இருக்கு. வாத்தியார் இருக்கினம். பெற்றோல் ஷெட்டிலை இரவு ரெண்டு மணிக்கு ஆர் இருக்கினம்?"

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒரே நிகழ்ச்சி, ஒரே வார்த்தை. பகலில் பையன் முதுகை நிமிர்த்துகிறது; ராத்திரியில் அண்ணன் கண்ணாடியைத் தட்டுகிறது. எது நிஜம் என்று என்னிடம் கேட்டால், டைம் என்ன என்று திருப்பிக் கேட்பேன்.

* * *

அண்ணன் சிரித்து நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

தொடரில் இரண்டு தம்பதிகள் வருவார்கள். கபூர் குடும்பமும் ரவீந்திரநாத் குடும்பமும். ஆனால் தங்களைக் 'கூப்பர்', 'ராபின்சன்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளைக்காரரைவிட வெள்ளைக்காரராக இருப்பார்கள். யாராவது தெரியாத்தனமாகக் 'கபூர்' என்றால், 'கூப்பர்!' என்று பல்லைக் கடித்துத் திருத்துவார்கள்.

கதவோரம் நின்றிருந்த அண்ணனிடமிருந்து குபீரென்று ஒரு சத்தம். திரும்பினால், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார்!

"என்ரை மச்சான்! சிவபாலன் எண்ட நல்ல பேரை 'ஸ்டீவ்' ஆக்கிப்போட்டான். ஃபோன் எடுத்து 'சிவபாலன் நிக்கிறாரோ' எண்டு கேட்டா, 'அப்பிடி ஒருத்தரும் இல்லை' எண்டு வைக்கிறான் தம்பி!"

அன்றைக்கு ஹாலில் ஆன்ட்டி, மகன், நாங்கள் மூவர். வேறு யாரும் இல்லை. நமக்குள்ளே இருந்தால் அண்ணனுக்கும் சிரிப்பு வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துச் சிரிப்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தொடரோ, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, நாட்டையே ஹாலுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தது. சிலருக்கு அது விருந்து. சிலருக்கு மானக்கேடு. இரண்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தன.

* * *

தொடர் 2001-ல் முடிந்தது. பாஸ்கரும் மீரா சியாலும் 'தி குமார்ஸ் அட் நம்பர் 42' என்ற அடுத்த தொடரில் பேரனும் பாட்டியுமாக நடித்தார்கள். அப்படி நடித்துக்கொண்டிருந்தபோதே 2005-ல் நிஜத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். பாட்டியைக் கட்டிக்கொண்ட பேரன் என்று ஈஸ்ட் ஹாமில் கமென்ட் அடித்திருப்பார்கள், சந்தேகமில்லை. 2014-ல் பி.பி.சி. இரண்டாம் சேனலுக்கு 50 வயது ஆனபோது பழைய நால்வரும் கூடி ஒரு ஸ்பெஷல் செய்தார்கள்.

நடுவில் உலகமும் மாறிவிட்டது. அமெரிக்காவில் 'சிம்சன்ஸ்' கார்ட்டூனில் மளிகைக்கடை அபுவுக்கு வருஷக்கணக்கில் இந்தியக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளைக்காரர். அதைக் கேள்வி கேட்டு ஹரி கொண்டபோலு என்ற நம்மவர் 2017-ல் ஒரு டாகுமென்டரி எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். அண்ணனின் கேள்வி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போக இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது என் ஆபீஸில் இருக்கும் இளைஞர்களுக்கு அந்தப் பழைய ஓட்டல் ஸீனைக் காட்டினேன். ஒரு பையன் சிரித்தான். ஒரு பெண், "சார், கரெக்டா நம்ம பசங்க பாங்காக் போய்ப் பண்றது" என்றாள். மூன்றாமவன் ஸீரியஸாக, "ஸ்டீரியோடைப் இல்லையா சார்?" என்றான். நாலாவது பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். பேசாமல் இருந்தான். கேன்டீனில் அவனை எல்லோரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவன் அம்மா வைத்த பெயர் அது இல்லை.

மறுநாள் ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்குப் போனேன்.

போன வருஷம் அண்ணனோடு போனில் பேசினேன். பெட்ரோல் பங்க் வேலையெல்லாம் எப்போதோ விட்டாயிற்று. மகள் டாக்டர். அவள்தான் பழைய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'யைத் தேடிப் பிடித்துப் பெரிய டி.வி.யில் போட்டுக் காட்டினாளாம்.

"சிரிச்சீங்களா அண்ணே?"

"பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சுதுகள்."

"நீங்க?"

"நான் சொன்னது சொன்னதுதான் தம்பி. எனக்கு உது பிடிக்காது." கொஞ்சம் இடைவெளி விட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆனா அந்தக் கத்தரிக்காய் மனுசி இருக்கிறா எல்லே... அவ அப்பிடியே என்ரை மனுசியின்ரை தங்கச்சி!"